குழைக்காத பாண்



எங்கள் அலவத்துகொடயில் காலை விடிவதே ‘சூன் பாண்’ முச்சக்கர வண்டியின் இசையோடுதான். பீத்தோவனின் அந்த மெட்டைக் கேட்டதும் பிள்ளைகள் காசை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். 2022 ஜூன் மாதம் அந்த இசை நின்றுபோனது. பெட்ரோல் இல்லை, எரிவாயு இல்லை, மாவின் விலையோ எட்டாத உயரம். கோதுமை நம் நாட்டில் விளைவதில்லை. டொலர் இல்லாமற்போனால் பாணும் இல்லாமற்போகும் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

எனக்குப் பெரிய கவலை உம்மாவைப் பற்றியது. நோயிலிருந்து எழும்பியிருந்த அவருக்குக் காலையில் தேநீரில் தோய்த்த இரண்டு துண்டுப் பாண்தான் இறங்கும். வீட்டில் செய்யலாம் என்றால், எனக்கோ வலது மணிக்கட்டு முறிந்து பொருந்திய கை. ரொட்டிக்கு மா குழைத்தாலே இரவெல்லாம் குடையும்.

கட்டாரிலிருந்து தொலைபேசியில் பேசிய தங்கச்சிதான் சொன்னாள், “ராத்தா, குழைக்கத் தேவையில்லை. கலந்து வைத்துவிட்டுத் தூங்குங்கள்” என்று. நியூயோர்க்கில் பேக்கரி நடத்தும் ஜிம் லேஹி என்பவரின் முறையாம் அது. 2006இல் அங்குள்ள பத்திரிகையொன்றில் வெளிவந்து பிரபலமானது. மாவிலுள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து வலைபோலப் பின்னிக்கொண்டால்தான் பாண் பொங்கும். குழைப்பது அதை விரைவுபடுத்துகிறது. தண்ணீரைச் சற்றுக் கூட்டி, நேரத்தையும் கொடுத்தால் அந்த வலை தானாகவே உருவாகிவிடும்.

உம்மா நம்பவில்லை. 1970களின் நடுப்பகுதியில் விடியுமுன் பாண் வரிசையில் நின்றவர் அவர். “குழைக்காத மா பாணாகுமா மகள்? இருக்கிற மாவையும் வீணாக்காதே” என்றார்.

முதல் தடவை அவர் சொன்னதுதான் நடந்தது. பொறுமையில்லாமல் நான்கு மணித்தியாலத்திலேயே சுட்டேன். அடி கருகி, உள்ளே களியாக இருந்தது. கடன் வாங்கிய மா அது. குசினியில் தனியாக இருந்து அழுதேன்.

இரண்டாவது தடவை இரவு எட்டு மணிக்குக் கலந்தேன். 400 கிராம் கோதுமை மா, கால் தேக்கரண்டி ஈஸ்ட், ஒன்றேகால் தேக்கரண்டி உப்பு, 300 மில்லிலீற்றர் தண்ணீர். அகப்பையால் ஒரு நிமிடம் கிளறி மூடிவைத்தேன். லேஹி 12 முதல் 18 மணித்தியாலம் வைக்கச் சொல்கிறார். நம் வீட்டுச் சூட்டுக்குப் பத்து மணித்தியாலம் போதும். மார்கழிக் குளிரில் இன்னும் இரண்டு கூடும். விடிய மூடியைத் திறந்தால் மா இரண்டு மடங்காகி, மேலெல்லாம் குமிழியாக நின்றது. கையில் மா தடவி நான்கு பக்கமும் மடித்து, எண்ணெய் பூசிய கேக் தட்டில் ஒரு மணித்தியாலம் விட்டேன்.

ஓவனுக்கு மின்சாரத்தை நம்ப முடியாத காலம். அடி கனமான பெரிய சட்டியை அடுப்பில் நன்றாகச் சூடாக்கி, உள்ளே ஒரு தகரத் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் கேக் தட்டை வைத்தேன். அடி கருகாமல் காத்தது அந்தத் தகரத் தட்டுத்தான். மூடிக்கு மேலும் சட்டிக்குக் கீழும் சிரட்டைத் தணல். முக்கால் மணித்தியாலத்தில் வீடெல்லாம் பேக்கரி வாசம்! ஓவன் இருப்பவர்கள் 230 பாகைச் சூட்டில், மூடியோடு அரை மணித்தியாலமும் மூடியின்றிக் கால் மணித்தியாலமும் சுடலாம். நன்றாக ஆறிய பிறகே வெட்ட வேண்டும்; இல்லாவிட்டால் உள்ளே ஈரமாக இருக்கும்.

உம்மா மேல்தோலை நீக்கிவிட்டு, உள்பகுதியைத் தேநீரில் தோய்த்து மெதுவாகச் சாப்பிட்டார். ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது துண்டுக்குக் கையை நீட்டினார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

இப்போது சூன் பாண் வண்டி மீண்டும் வருகிறது. ஆனாலும் வாரத்தில் இரண்டு இரவு நான் மா கலந்து வைக்கிறேன். கை வலிக்கிறது, நேரமில்லை, ஓவன் இல்லை என்று ஒதுங்கியிருக்கும் சகோதரிகளே, நீங்களும் ஒரு தடவை செய்து பாருங்கள். முதல் பாண் பிழைத்துப்போனால் கலங்காதீர்கள். அடுத்த இரவு இன்னும் கொஞ்சம் பொறுத்திருங்கள், அவ்வளவுதான்.