எழுபத்துநான்கு விளக்குகள்

சென்ற திசம்பர்த் திங்களில் ஒன்பது நாள்கள் புனே நகரில் தங்கியிருந்தேன். விண்மீன் திரள்கள் எவ்வாறு உருவாயின என்பதைக் கணிப்பொறிக்குள் நடத்திப் பார்க்கும் நிரல்களைப் பழக்கும் பயிற்சிப் பட்டறை அது. "பட்டறைக்குப் போகிறேன்" என்று விடுதியில் சொன்னபோது, "சுத்தியல் எடுத்துக்கொண்டாயா?" என்று கேட்டார் நம் மன்றத்து நண்பர் ஒருவர். திரும்பி வந்ததும், "என்ன அடித்துக் கொண்டுவந்தாய், காட்டு" என்றவரும் அவரே. அவரிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. உணவு மணி அடித்துவிட்டது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

புறப்படும்போது என் பையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று பட்டறையின் அழைப்பு. மற்றொன்று பெங்களூரில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வேலைக் கடிதம். சனவரி 10-ஆம் நாளுக்குள் அதற்கு விடை எழுத வேண்டும். எம்.எஸ்ஸி. முடிந்ததும் அந்த வேலைக்குப் போவதா, தகுதித் தேர்வு எழுதி ஆராய்ச்சிக்குப் போவதா? தேர்வில் உதவித்தொகையுடன் தேறினால் திங்கள்தோறும் 37,000 ரூபாய் கிடைக்கும். 2023-இல் உயர்த்திய தொகை அது. தேறாவிட்டால் ஒன்றும் இல்லை. வேலைக் கடிதத்திலோ 'தேறினால்' என்ற சொல்லே கிடையாது. சங்கரன்கோவிலில் என் தந்தையார் வீடுகளுக்கு மின்கம்பி இழுக்கும் வேலை செய்கிறார். ஏணியில் ஏறும்போது அவருக்கு முழங்கால் வலிக்கிறதென்று அம்மா சொல்கிறார், அவர் சொல்வதில்லை. தில்லிக்கு வந்து படிக்கும் நம்மில் பலருக்கும் இத்தகைய கணக்கு ஒன்று உண்டு. ஆதலால் இதனை மேலும் விரிக்க வேண்டியதில்லை.

புனே பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள ஐயூகா நிலையத்தில் பட்டறை நடந்தது. 1988-இல் அந்நிலையத்தைத் தோற்றுவித்து வளர்த்தவர் வானியலறிஞர் ஜயந்த் நர்லிகர். கட்டடங்களை அமைத்தவர் சார்லஸ் கொரேயா. நடு முற்றத்தில் ஆரியபட்டர், கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டைன் ஆகிய நால்வரும் சிலைகளாய் இருக்கின்றனர். காலைத் தேநீரை அந்நால்வரிடையே நின்று பருகுவது ஒரு தனி இன்பம்.

முதல் வகுப்பில் கணிப்பொறியைத் தொடவே இல்லை. பாடம் நடத்திய அம்மையார் 1941-ஆம் ஆண்டிற்கு எங்களை அழைத்துச் சென்றார். சுவீடன் நாட்டில் எரிக் ஓம்பெர்க் என்னும் வானியலார் இருந்தார். இரண்டு விண்மீன் திரள்கள் ஒன்றையொன்று நெருங்கிக் கடந்தால் என்ன ஆகும் என்பது அவர் கேள்வி. காகிதத்தில் கணக்கிட்டால் ஆயுள் போதாது. மின்னணுக் கணிப்பொறியோ அன்று அவர் கைக்கு எட்டுவதில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு திரளுக்கு 37 ஆக, மொத்தம் 74 மின்விளக்குகளை ஒரு தளத்தின்மேல் பரப்பினார். எடை மிகுந்த பகுதிக்கு ஒளி மிகுந்த விளக்கு. தொலைவு இருமடங்கானால் ஈர்ப்பு கால் பங்காகும்; ஒளியும் அவ்வாறே. ஆகவே, ஓர் இடத்தில் எப்பக்கத்திலிருந்து எவ்வளவு ஒளி விழுகிறது என்று ஒளிமின்கலத்தால் அளந்தால், அங்கே ஈர்ப்பு எப்பக்கம் எவ்வளவு இழுக்கும் என்பது விளங்கிவிடும். அளந்தார், விளக்குகளைச் சிறிது நகர்த்தினார், மறுபடியும் அளந்தார். முடிவில் இரு திரள்களும் ஒன்றையொன்று உருக்குலைத்து நீள்வதையும், ஒன்று மற்றொன்றைப் பிடித்துக்கொள்ளக்கூடும் என்பதையும் கண்டார். நாங்கள் பழகவிருந்த நிரல்கள் எல்லாவற்றுக்கும் பாட்டன் அந்த இருட்டறை என்று சொன்னால் மிகையாகாது.

பிற்பகலில் கேட்ஜெட் என்னும் நிரலைத் தந்தனர். செருமானிய அறிஞர் வோல்கர் சுப்ரிங்கல் எழுதியது. 2000-இல் முதன்முதலாக உலகினர்க்குப் பொதுவாய் வெளியிட்டார். 2005-இல் அதன் துணைகொண்டு ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட துகள்களை வைத்து அண்டத்தின் ஒரு பகுதியை நடத்திக் காட்டினர். எங்கள் கணக்கு சிறுபிள்ளைக் கணக்கு: 20,97,152 துகள்கள். சிறுபிள்ளைக் கணக்கென்றாலும் ஒவ்வொன்றும் மற்றெல்லாவற்றையும் இழுக்கிறது அல்லவா? இரண்டிரண்டாய் எடுத்தால் ஏறத்தாழ 2,20,000 கோடி இணைகள். ஒவ்வோர் அடிக்கும் இத்தனை கூட்டல் செய்ய எவராலாகும்?

இதற்கு 1986-இல் பார்ன்ஸ், ஹட் என்னும் இருவர் கண்ட வழி எளிது. புனேக்கு வரும் இரவில் வண்டியின் சாளரத்தின் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அருகில் வரும் ஊரின் விளக்குகளைத் தனித்தனியே எண்ணலாம். தொலைவில் உள்ள ஊர் ஒரே ஒளிப்புள்ளி. அவர்கள் செய்ததும் அதுதான். தொலைவில் உள்ள துகள் கூட்டத்தை ஒரே புள்ளியாய்க் கொண்டு, அருகில் உள்ளவற்றை மட்டும் தனித்தனியே கூட்டுவது. இந்த முறையையும் கட்டங்களாய்ப் பகுத்துக் கணக்கிடும் மற்றொரு முறையையும் இணைக்கும் வழியை 2002-இல் செம்மையாக எழுதியவர்களுள் ஒருவர், அப்போது அலகாபாத்தில் இருந்த ஜஸ்ஜீத் சிங் பாக்லா.

நிரலை ஓடவிட்டோம். அண்டம் பிறந்து 3,80,000 ஆண்டுகள் ஆனபோது எங்கும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. ஏற்றத்தாழ்வு லட்சத்தில் ஒரு பங்கு. அந்த நுண்ணிய மேடுபள்ளத்தின் வளர்ச்சியே எங்கள் தொடக்கம். நாற்பது நிமிடத்தில் 1,380 கோடி ஆண்டுகள் கழிந்தன. திரையில் முதலில் மணல் பரப்பியது போன்ற ஒரு வெறுமை. பிறகு அங்கங்கே கருமை கூடிற்று. இழைகள் நீண்டன. இழைகள் கூடும் இடத்தில் முடிச்சுகள் விழுந்தன. இதை வரை என்று நிரலில் எவரும் எழுதவில்லை. ஈர்ப்பு என்னும் ஒரே விதியைத்தான் எழுதியிருந்தோம். என் பக்கத்தில் இருந்த வங்காள நண்பர் நெடுநேரம் பேசவேயில்லை. அவர் பேசாதிருந்தது ஒன்பது நாளில் அந்த ஒரு முறைதான்.

அவரைப் பற்றி இன்னொன்று. பெருந்திரளுக்குள் விழும் சிறுதிரள் எவ்வாறு வேகம் இழந்து நடுவே அமிழ்கிறது என்பதற்கு 1943-இல் சந்திரசேகர் தந்த வாய்பாட்டை மறுநாள் கரும்பலகையில் எழுதினர். "சென்னை மாநிலக் கல்லூரி மாணவர், எங்கள் ஊர்க்காரர்" என்று மெல்லச் சொன்னேன். "பிறந்தது லாகூர், எழுதியது அமெரிக்கா" என்று உடனே விடை வந்தது. ஊரைவிட்டு வெளியே வந்தவர் எந்த ஊர்க்காரர் என்னும் வழக்கு தேநீர் வேளை வரை நீண்டது. தீர்ப்பு ஆகவில்லை.

ஆறாம் நாள்தான் என்னை உலுக்கிய நாள். அதுவரை இருட்பொருளை மட்டும் வைத்து ஆடினோம். அன்று வளியையும் சேர்த்தோம். வளி குளிர்ந்து இறுகி விண்மீன்களாகும். இதற்கு டர்ஹாம், லைடன் நகரத்து ஆய்வாளர்களும் பிறரும் சேர்ந்து எழுதிய ஸ்விஃப்ட் என்னும் நிரல். முதல் ஓட்டத்தில் விண்மீன்கள் வெடித்தால் ஏற்படும் விளைவை நீக்கிவிட்டு ஓட்டச் சொன்னார் அம்மையார். ஓட்டினோம். விண்மீன்கள் அளவுக்கு மேல் பெருகின. திரள்கள் தட்டுகளாய் விரியாமல் உருண்டைகளாய்த் திரண்டன. மெய்யான வானத்தில் சாதாரணப் பொருளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே விண்மீனாகியிருக்கிறது. எங்கள் வானமோ ஊதாரியின் வீடு.

இந்த இடர்ப்பாடு புதிதன்று. சைமன் வைட், மார்ட்டின் ரீஸ் இருவரும் 1978-இலேயே இதைச் சுட்டினர். வெடிக்கும் விண்மீன்கள் வளியை வெளியே தள்ளுகின்றன. பெருந்திரள்களின் நடுவே உள்ள கருந்துளைகள் வளியைக் குளிரவிடாமல் சூடாக்குகின்றன. இதற்குப் 'பின்னூட்டம்' என்பது வழக்கமான கலைச்சொல். இங்கே நடப்பது ஊட்டுவதன்று, துரத்துவது. 'எதிர்த்தள்ளல்' என்று நான் எழுதுவேன். ஒவ்வாதவர்கள் மன்றக் கூட்டத்தில் எழுந்து மறுக்கலாம். எதிர்த்தள்ளலைச் சேர்த்து ஓட்டினோம். என் திரையில் ஓரிடத்தில் மெல்லிய தட்டு ஒன்று சுழன்றது. பால்வெளியின் தம்பி போல் இருந்தது.

மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி கால்மணி நேரம் நின்றது. ஈகிள் என்று பெயர் பெற்ற 2015-ஆம் ஆண்டுக் கணக்கில் வளித் துகள் ஒன்றின் எடை ஏறத்தாழ 18 லட்சம் சூரியன்கள். அத்தகைய துகளுக்குள் ஒரு விண்மீன் வெடிப்பது எப்படித் தெரியும்? தெரியாது. ஆகவே, எவ்வளவு ஆற்றல் எப்படித் தள்ளுகிறது என்பதை ஓர் எண்ணாக நாமே வைக்கிறோம். அந்த எண்ணையும் இன்றைய வானத்தில் காணும் திரள்களோடு பொருந்தும்வரை திருத்துகிறோம். இதைச் சொன்னவரும் அம்மையார்தாம், மறைக்கவில்லை.

எழுந்து கேட்டேன்: "நாம் வைத்த எண்ணே விடையாய்த் திரும்பி வருமானால், நாம் அறிந்துகொண்டது என்ன?" அறையில் சிலர் சிரித்தனர். எனக்கு அது வாதத்திற்காகக் கேட்ட கேள்வியன்று. உறுதியான சம்பளத்தை விட்டு ஒருவன் செல்லும் இடத்தில் உண்மை இருக்கிறதா, கண்ணாடி இருக்கிறதா என்று அவன் தெரிந்துகொள்ள வேண்டாமா?

அவர் பலகையை இரண்டாகப் பிரித்தார். இடப்புறம், ஈகிள் குழுவினர் எவற்றைப் பார்த்துத் திருத்தினார்களோ அவை: எந்த எடையில் எத்தனை திரள்கள், அவற்றின் பருமன், கருந்துளையின் எடை. வலப்புறம், திருத்தாதவை: திரள் சுழலும் வேகம், விண்மீன் பிறக்கும் வேகம், இன்னும் பல. "இடப்புறத்தை நம் வெற்றி என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. தேர்வு வலப்புறத்தில் மட்டும்தான்" என்றார். அந்தத் தேர்வில் சில பொருந்தின. விண்மீன் பிறக்கும் வேகமோ சில காலங்களில் வானத்தில் காண்பதைவிடக் குறைவாக வந்தது. அக்குழுவினர் அதையும் எழுதியே வெளியிட்டார்கள். 2021-இல் ஏவிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022 முதல் அனுப்பிவரும் படங்களில், தொடக்கக் காலத்து ஒளிமிக்க திரள்கள் பெரும்பாலான கணக்குகள் சொன்னதைவிட மிகுதியாய்த் தென்பட்டன. கண்ணாடியாக இருந்தால் இவ்வாறு எதிர்த்துப் பேசுமா?

அன்றிரவு உறங்கவில்லை. எட்டாம் நாள் இரவு பெங்களூருக்கு விடை எழுதி அனுப்பினேன்.

வண்டி ஏறுமுன் தந்தையாரைத் தொலைபேசியில் அழைத்தேன். என்ன படித்தாய் என்றார். வேறு எதைச் சொன்னாலும் விளங்க வைக்க முடியாதென்று ஓம்பெர்க்கின் விளக்குகளைச் சொன்னேன். வழக்கமாக இரண்டு நிமிடத்தில் அம்மாவிடம் கொடுத்துவிடுபவர் அன்று கொடுக்கவில்லை.

"எழுபத்துநாலு பல்பும் ஒரே அளவாய் எரியாதே ஐயா. ஒரே பெட்டியில் வாங்கினாலும் எரியாது. ஒவ்வொன்றையும் அளந்துதான் மாட்டியிருப்பான்" என்றார்.

"ஆமாம் அப்பா."

"அந்த வேலைக்கு என்ன எழுதினாய்?"

"வரவில்லை என்று எழுதிவிட்டேன்."

மறுமுனையில் எங்கள் தெருவின் ஓசை மட்டும் கேட்டது. ஒரு மாட்டுவண்டி போயிற்று. பிறகு சொன்னார்:

"சுவருக்குக் கறுப்பு அடித்திருக்க வேண்டும். வெள்ளைச் சுவர் என்றால் வெளிச்சம் திரும்பி வந்து கணக்கைக் கெடுக்கும். கேட்டு வை."