மச்சில் ஏறினால் கோபுரம் தெரியும்!

திருச்செந்தூருக்குப் போகிறவர்கள் முருகனைக் கும்பிட்டுவிட்டு, கடலில் கால் நனைத்துவிட்டு, கையோடு இரண்டு கிலோ உடன்குடி கருப்பட்டி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். (2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தக் கருப்பட்டிக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஜாஸ்தி. விலை கேட்டுப் பாருங்கள், தெரியும்!) கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே உள்ளே வருகிறவர்கள் குறைவு. வந்தால், பனங்காட்டுக்கு நடுவில் வானத்தைத் தைக்கப் போகிற ஊசி மாதிரி ஒரு கோபுரம் தெரியும். மெஞ்ஞானபுரம் தூய பவுலின் ஆலயம். உயரம் 192 அடி!

1837-ல் ஜான் தாமஸ் என்கிற வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் இங்கே வந்து சேர்ந்தபோது இருந்ததெல்லாம் செம்மணல் தேரி, பனை, காற்று. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று அவர் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. கிணறு வெட்டினார், மரம் வைத்தார், பள்ளிக்கூடம் கட்டினார், கோயில் கட்டினார். 1870-ல் இங்கேயே இறந்தும் போனார்.

எங்கள் ஊர் அந்தக் கோபுரத்தின் பார்வை படுகிற தூரத்தில் இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் யார் வீட்டு மச்சில் என்னென்ன கிடந்தது என்பது தாலுகா முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் கிறிஸ்மஸுக்கு நான் ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாது!

இந்த மே மாதம் எனக்கு அங்கே ஒரு வேலை. அம்மாவுக்கு எழுபத்திநாலு வயசு. இரண்டு முட்டியும் ஒத்துழையாமை இயக்கம் நடத்துகின்றன. அப்பா போய் ஆறு வருஷம் தனியாகவே இருந்துவிட்டு, ஒருவழியாக எங்களோடு சென்னைக்கு வரச் சம்மதித்திருந்தார். அதற்கு முன்னால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அறுபது வருஷம் சேர்த்த வீடு.

செந்தூர் எக்ஸ்பிரஸில் நாசரேத்தில் இறங்கி, பஸ் பிடித்து, பிள்ளைகள் இரண்டு பேரையும் குளிக்க வைத்து நிமிர்ந்தால் வாசலில் சேகர குருவானவர்.

"மெட்ராஸ்லேர்ந்து வந்துட்டீயளா? ரொம்ப சந்தோஷம். வி.பி.எஸ்.ல கைவேலை வகுப்பு நீங்கதான்!"

வருகிறீர்களா, முடியுமா என்ற கேள்வியே எங்கள் ஊரில் கிடையாது. "நீங்கதான்" என்றால் நீங்கள்தான். ஆக, ஒரு வேலை இரண்டானது.

வி.பி.எஸ். என்பது விடுமுறை வேதாகமப் பள்ளி. கோடை விடுமுறையில் பத்து நாள், காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டரை வரை. பள்ளிக்கூடம் மூடினதும் இன்னொரு பள்ளிக்கூடமா என்று பயப்பட வேண்டாம். ஆட்டத்தோடு பாட்டு, கதை, மனப்பாட வசனம், கைவேலை, பதினோரு மணிக்குச் சுண்டல். நடுவில் ஒரு நாள் கொடி பிடித்து ஊரைச் சுற்றிப் பவனி. கடைசி நாள் நாடகம், பரிசு. கிறிஸ்தவர் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமல்ல, அம்மன் கோயில் தெருப் பிள்ளைகளும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துகொள்வார்கள். சுண்டலுக்கு ஏது மதம்?

இந்தப் பள்ளியின் பூர்வ கதை ஒன்று உண்டு. 1898-ல் நியூயார்க்கில், தெருவில் சுற்றுகிற ஏழைப் பிள்ளைகளைக் கோடையில் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுக்க ஓர் அம்மணி இடம் தேடினார். கிடைத்தது ஒரு பியர் கடை! வாடகைக்குப் பிடித்து வகுப்பு நடத்தினார். இதை எங்கள் சபை ஊழியரிடம் சொன்னேன். மனுஷர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "கள்ளுக்கடையிலியா ஆரம்பிச்சாவ?" பனை ஏறிப் பிழைத்த ஊரில் ஐந்து தலைமுறையாகச் சபையார் கள்ளுக்கு எதிராகப் பேசிவருகிறார்கள், பாவம். கடைசியில், "இத பிள்ளையள்ட்ட சொல்லிராதீய" என்று கேட்டுக்கொண்டு போனார். நான் சொல்லவில்லை. எழுதத்தான் செய்கிறேன்.

காலையில் கோயில், மத்தியானம் வீடு.

வீட்டைக் காலி செய்வதற்கு ஜப்பானில் மரியே கோண்டோ என்பவர் ஒரு வழி சொல்லி உலகப் பிரபலமாகிவிட்டார். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுக்க வேண்டும், இது எனக்குச் சந்தோஷம் தருகிறதா என்று மனசைக் கேட்க வேண்டும், தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும். துருப்பிடித்த அரிக்கன் விளக்கைக் கையில் கொடுத்து அம்மாவிடம் கேட்டேன்.

"இது சந்தோஷம் தருதாம்மா?"

"எனக்கு முட்டி என்ன சந்தோஷமா தருது? அதுக்காகத் தூரப் போட்டுருவியோ?"

ஜப்பான் அன்றோடு முடிந்தது.

பிறகு என் வழி. மூன்று குவியல்: வேண்டும், வேண்டாம், யோசிக்கணும். எங்கள் மச்சு என்பது மரப்பலகை போட்ட மேல்தளம். ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். மேற்கே ஒரு சின்ன ஜன்னல், அதில் சட்டம் போட்ட படம் மாதிரி மெஞ்ஞானபுரம் கோபுரம். அங்கிருந்து நான் இறக்கியவற்றில் சில: பித்தளைக் குத்துப்போணி மூன்று, மரக்கால் ஒன்று, கம்பி மட்டும் மிஞ்சிய குடைகள் ஐந்து, பனை ஓலைப் பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் பதினெட்டு, 'நற்போதகம்' இதழ்க் கட்டுகள், ஹார்லிக்ஸ் பாட்டில்கள் (எண்ணுவதை நாற்பதில் நிறுத்திவிட்டேன்), அப்பா வாத்தியாராக இருந்த காலத்து வினாத்தாள்கள், 1986-லிருந்து வந்த அத்தனை கல்யாணக் கார்டுகளும். இதில் விவாகரத்து ஆன இரண்டு ஜோடியின் கார்டும் அடக்கம்.

மாலை ஆறு மணிக்கு 'வேண்டாம்' குவியல் இடுப்பு உயரம் இருக்கும். காலையில் எழுந்து பார்த்தால் முழங்கால் உயரம். ராத்திரி முட்டி வலியோடு நடந்து யார் எடுத்தார்கள் என்பதற்கு சி.பி.ஐ. வேண்டியதில்லை.

நான் பி.காம். படித்ததில் மிச்சம் நினைவிருப்பது தேய்மானக் கணக்குதான். ஒரு பொருள் வருஷா வருஷம் மதிப்புக் குறைந்து கடைசியில் பழைய இரும்பு விலைக்கு வந்து நிற்கும். துபாயிலிருந்து தம்பி வாட்ஸ்அப்பில் அதையேதான் சொன்னான். "அக்கா, பழைய சாமான்காரனைக் கூப்பிடு. ஒரே நாள்ல லாரியில ஏத்திவிடு. சென்டிமென்ட் பார்த்தா கதை முடியாது." ஏ.சி. ரூமிலிருந்து சொல்வது ரொம்பச் சுலபம்.

சாமான்காரர் வந்தார். தராசும் கொண்டுவந்தார். அம்மா நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டு, "நீங்க மோர் குடிச்சிட்டுப் போங்க அண்ணாச்சி" என்றார். அவரும் குடித்துவிட்டுப் போனார்.

"அம்மா, என்னதான் செய்யணும்கிறீங்க?"

"ஆளுக்குக் குடுக்கணும்ட்டி. சாமான்னா ஒரு ஆளுக்குப் போவணும். எடைக்கா போவும்?"

மறுநாள் மத்தியானம் நான் கோயிலிலிருந்து வந்தபோது அப்பாவின் பழைய வருகைப் பதிவேடு ஒன்றைத் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் சாமான், வலப்பக்கம் ஆள். பெரிய குத்துப்போணி: கீழத்தெரு சின்னம்மை. மரக்கால்: நெல் அவிக்கிற அக்கா. தையல் மிஷின்: கோவில்பிள்ளை மகள். (கோவில்பிள்ளை என்றால் மணி அடித்து, கோயிலைப் பெருக்கிப் பார்த்துக்கொள்பவர்.) நாற்பத்தி மூன்று வரிகள். ஜட்கா வண்டி நான். கூட என் பிள்ளைகளும், வி.பி.எஸ்.ஸில் சிநேகமான நாலைந்து வாலுகளும்.

அப்படித்தான் இருபது வருஷத்துக்குப் பிறகு நான் எங்கள் ஊரைத் தெருத்தெருவாக நடந்து பார்த்தேன்.

மேலத்தெருவில் இருபத்திரண்டு வீடு. பதின்மூன்று வீட்டில் பூட்டு. சும்மா வெளியே போயிருக்கிறவர்கள் பூட்டு அல்ல. சாவி போட்டால் சாவி உடையும் பூட்டு. ஒரு வீட்டில் முருங்கைமரம் தெருவரைக்கும் காய்த்துத் தொங்குகிறது, பறிக்க ஆளில்லை. ஒரு வீட்டு முற்றத்தில் தேரி மணல் காற்றில் வந்து திண்ணை உயரத்துக்கு ஏறி உட்கார்ந்திருக்கிறது. நெல் அவிக்கிற அக்கா ஓசூரில் மகனோடு. அடுத்த வீடு மும்பை. அதற்கடுத்தது குவைத். அதற்கும் அடுத்த வீட்டுக்காரர் மெஞ்ஞானபுரம் ரோட்டோரக் கல்லறைத் தோட்டத்துக்கே போய்விட்டார். இது அம்மாவுக்குத் தெரியும்; எழுதும்போது மறந்திருக்கிறார்.

மரக்காலைத் திரும்பத் தூக்கி வந்தோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பேரை அடித்துவிட்டுப் பக்கத்தில் இன்னொரு பேர் எழுதினார். அடுத்த நாள் அதையும் அடித்தார். ஒரு வரியில் மூன்று பேர் அடிபட்டுக் கிடந்தது. வரவும் செலவும் டாலி ஆகாத கணக்கு எத்தனையோ பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு கணக்கை எந்த வாத்தியாரும் எனக்குக் கொடுத்ததில்லை. இடப்பக்கம் சாமான் இருக்கிறது, வலப்பக்கம் ஆள் இல்லை!

ஆனால் கோயிலுக்குள் போனால் இந்தக் கணக்கே தலைகீழ். பதிவேட்டில் அறுபத்தி நான்கு பிள்ளைகள். உட்கார இடமில்லாமல் ஆல்டருக்குப் பக்கத்தில்கூடப் பாய் விரித்தோம். யார் இவர்களெல்லாம் என்று விசாரித்தால், பத்தொன்பது பேர்தான் ஊர்ப் பிள்ளைகள். மற்றதெல்லாம் சென்னை, கோவை, பெங்களூர், ஷார்ஜா இறக்குமதி. ஆச்சி வீட்டுக்கு லீவுக்கு வந்தவை. ஜூன் முதல் வாரம் அத்தனையும் ரயிலேறிவிடும். "மே மாசம் ஒண்ணுதாம்மா நம்ம ஊரு ஊரா இருக்கும்" என்றார் கோவில்பிள்ளை, மணிக்கயிற்றைச் சுருட்டிக்கொண்டே.

என் கைவேலை வகுப்புக்கு மேலிடத்திலிருந்து வந்த சாமான்கள் நாலு நாளுக்குத்தான். ஐந்தாம் நாள் எங்கள் பாடு. உடன்குடிக்கு ஆள் அனுப்பி சார்ட் பேப்பர் வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். சுண்டல் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "குருத்தோலை வெட்டிட்டு வரச் சொல்லு" என்றார்.

பத்து மணிக்குள் பச்சைக் குருத்தோலை வந்துவிட்டது. அம்மா, இன்னும் மூன்று ஆச்சிகள். அறுபத்தி நான்கு பிள்ளைகள் நாலு வட்டம். முதலில் காற்றாடி. பிறகு உள்ளே கல் போட்ட கிலுக்கு. பெங்களூர்ப் பையன் ஒருவன், பன்னிரண்டு வயசிருக்கும், மடிப்பு வராமல் திணறிக்கொண்டே கேட்டான்:

"ஆச்சி, இது யூடியூப்ல இருக்கா?"

"நான் இங்கன இருக்கம்லா. கைய நீட்டு!"

அன்று சுண்டல் மணி அடித்து ஒருத்தரும் எழுந்து போகவில்லை. வி.பி.எஸ். சரித்திரத்தில் இது முதல் தடவை என்று டைரக்டர் மைக்கிலேயே சொன்னார். பதினெட்டு ஓலைப்பெட்டியும் அன்றைக்கே ஆளுக்கு ஒன்றாகப் போய்விட்டது. எந்தப் பெட்டி எங்கே போகிறது என்பதை அம்மா எழுதிக்கொண்டார். வலப்பக்கத்தில் முதல்தடவையாக 'ஷார்ஜா'.

கடைசிவரை ஒரு சாமான் மட்டும் எந்தக் குவியலுக்கும் போகவில்லை. தாத்தாவின் அரிவாள் பெட்டி. பாளை சீவுகிற அரிவாள் இரண்டு, இற்றுப்போன தளைநார், பக்கத்தில் ஒரு முருக்குத்தடி. தாத்தா பனையேறி. ஒரு மரத்துக்குக் காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் என்று நாற்பது ஐம்பது மரம் ஏறி இறங்கித்தான் அப்பாவை வாத்தியாருக்குப் படிக்க வைத்தார். பெட்டியைத் தம்பியிடம் வீடியோவில் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதைக் கண்ணாடிப் பெட்டியில போட்டு ஹால்ல மாட்டலாம்க்கா" என்றான். எனக்கும் சரி என்றுதான் பட்டது. அம்மா முகத்தைச் சுளித்தார்.

"அருவாள மாட்டி வச்சு என்ன செய்ய? சாமி கும்புடவா?"

பதிவேட்டில் அதற்கு நேரே வலப்பக்கம் காலியாகவே கிடந்தது. எங்கள் ஊரில் இன்று பனையேறுகிறவர் ஒரே ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர். அம்மன் கோயில் தெரு. அவர் பையனுக்குத் திருப்பூரில் வேலை. புறப்படுவதற்கு முந்தின நாள் அம்மா அவரை வரச் சொன்னார். அவர் திண்ணையில் உட்கார்ந்து, அரிவாளை எடுத்து, கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தார். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தளைநாரைத் தொட்டுவிட்டு அது வேண்டாம் என்று ஒதுக்கினார். அரிவாளை மட்டும் கீழே வைக்கவே இல்லை.

"இந்த இரும்பு இப்பம் கெடைக்காது சித்தி. தீட்டுனா நாளைக்கே பாளை சீவலாம்."

"அப்பம் தீட்டு" என்றார் அம்மா. பேனாவைத் தேடி எழுதினார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பெட்டிகளோடு பஸ்ஸுக்கு நிற்கிறோம். சாவி கோவில்பிள்ளை வீட்டில் கொடுத்தாயிற்று. வருகைப் பதிவேடு அம்மாவின் கைப்பையில், பைபிளோடு. வழியனுப்ப வந்தவர்களில் பாதிப் பேர் கையில் எங்கள் வீட்டுச் சாமான் ஏதாவது ஒன்று. சின்னம்மை குத்துப்போணியில் தண்ணீர் பிடிக்கப் போகிற வழியில் நின்றுவிட்டார். பனையேறி வேகமாக வந்தார். கையில் கலயம், ஓலைப் பட்டை. தாத்தாவின் அரிவாளில் சீவின பாளையிலிருந்து இறக்கிய முதல் பதநீராம்.

அம்மா இரண்டு கையாலும் பட்டையை ஏந்தி மெதுவாகக் குடித்தார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சுண்ணாம்பு ஒரு பொட்டு கூடிப்போச்சுலே" என்றார். பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. அம்மா பட்டையை மறுபடி நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து."