இருங்காட்டுக்கோட்டை காரும் எங்க ஊர் உப்புக்காத்தும்

பிளஸ் டூ கணக்குப்பதிவியல்ல 'நற்பெயர்'னு ஒரு பாடம் வருமே, ஞாபகம் இருக்கா? சராசரி லாபம், உயர் லாபம், கொள்முதல் ஆண்டுகளின் எண்ணிக்கைன்னு நாலு வரி கணக்கு போட்டா கடைசியில ஒரு தொகை வரும். அதுதான் நற்பெயரின் மதிப்பு. மார்க் உறுதி. ஆனா பி.காம். வந்ததும் இன்னொண்ணு சொல்லித் தர்றாங்க. ஒரு கம்பெனி தானா உழைச்சு சம்பாதிச்ச நற்பெயரை இருப்புநிலைக் குறிப்புல சொத்தா காட்டக் கூடாது. கணக்கியல் தரம் 26 சொல்றது அதுதான். இன்னொருத்தன்கிட்ட காசு குடுத்து வாங்கின நற்பெயருக்குத்தான் புத்தகத்துல இடம்.

அப்போ தானா சம்பாதிச்ச பேர் எங்கதான் எழுதப்படுது? என்னைக் கேட்டா, பழைய கார் விக்கிற விலையில. அதை எழுதுறது கம்பெனி இல்ல, ஓட்டினவங்க. ஹூண்டாய் கதையைப் படிக்கப் படிக்க எனக்கு அப்படித்தான் தோணுது.

இன்னைக்கு ஹூண்டாய்ன்னா எல்லாருக்கும் நல்ல அபிப்பிராயம். ஆனா ஒரு காலத்துல அமெரிக்காவுல அந்தப் பேரைச் சொன்னாலே சிரிப்பாங்க. 1986ல அங்க எக்ஸெல்னு ஒரு காரை 4,995 டாலருக்கு இறக்கினாங்க. சந்தையிலேயே ரொம்ப மலிவான புது கார்கள்ல ஒண்ணு. முதல் வருஷமே ஒன்றரை லட்சத்துக்கு மேல வித்துச்சு. அதுக்கப்புறம்தான் வண்டியில ஒவ்வொண்ணா கழண்டு வர ஆரம்பிச்சுது. துரு, ரிப்பேர், கேட்டா மதிக்காத டீலர்... வாங்கினவங்க வாய் சும்மா இருக்குமா? ராத்திரி டிவி நிகழ்ச்சிகள்ல ஹூண்டாய் ஜோக் ஒரு தனி வகையாவே ஆகிப்போச்சு.

ஜார்ஜ் அகர்லாஃப்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர். 1970ல பழைய கார் சந்தையைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார், அதுக்காக 2001ல நோபல் பரிசுல பங்கும் வாங்கினார். (முதல்ல அதை அனுப்பின பத்திரிகைகள் திருப்பி அனுப்பிட்டாங்களாம். அரியர் வச்சிருக்கிற நண்பர்கள் மனசைத் தேத்திக்கலாம் :) ) அவர் சொன்னது ரொம்ப எளிமையான விஷயம். விக்கிறவனுக்கு வண்டியோட குறை தெரியும், வாங்குறவனுக்குத் தெரியாது. அதனால வாங்குறவன் எல்லா வண்டியையும் ஓட்டை வண்டின்னு நினைச்சே விலை கேப்பான். அந்த விலைக்கு நல்ல வண்டி வச்சிருக்கிறவன் விக்க மாட்டான். கடைசியில சந்தையில ஓட்டை வண்டி மட்டும்தான் மிஞ்சும். இதுக்கு அவர் சொன்ன மருந்துகள்ல ஒண்ணு உத்தரவாதம். பயத்தை வாங்குறவன் தலையில இருந்து எடுத்து விக்கிறவன் தலையில வைக்கிறது.

ஹூண்டாய் 1998 கடைசியில அமெரிக்காவுல அதைத்தான் செஞ்சாங்க. இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் 10 வருஷம் அல்லது ஒரு லட்சம் மைல், எது முதல்ல வருதோ அதுவரை வாரண்டி. கேட்டவங்க கம்பெனி மூழ்கிடும்னாங்க. மோசமான வண்டியா இருந்திருந்தா மூழ்கித்தான் இருக்கும். அதனால வேற வழியில்லாம தொழிற்சாலைக்குள்ள தரத்தை இறுக்கிப் பிடிச்சாங்க. 2004ல ஜே.டி.பவர் எடுத்த புது கார் தரக் கணக்குல ஹோண்டாவோட சேர்ந்து இரண்டாம் இடம். சிரிச்சவங்களே நம்பாத மாதிரி ஒரு விஷயம். 2009ல பொருளாதார மந்தத்துல அமெரிக்காக்காரன் கார் பக்கமே போகாம இருந்தப்போ, "வாங்கி ஒரு வருஷத்துக்குள்ள வேலை போச்சுன்னா காரைத் திருப்பிக் குடுத்துடுங்க"ன்னு அறிவிச்சாங்க. மத்த கம்பெனிகளோட விற்பனை தலைகீழா விழுந்த அந்த வருஷத்துல இவங்களுக்குக் கூடிச்சு.

ஒண்ணு கவனிக்கணும். அந்த 10 வருஷம் முதல்ல வாங்கினவருக்கு மட்டும்தான். அவர் வித்துட்டா அடுத்தவருக்கு அந்தச் சலுகை முழுசா கிடைக்காது. எங்க ஊர்ல பெரும்பாலும் எல்லாருமே 'அடுத்தவர்'தான்.

அமெரிக்காவுல கெட்ட பேரைக் கழுவ ஆரம்பிச்ச அதே சமயத்துலதான் நம்ம ஊருக்கும் வந்தாங்க. 1996ல இந்தியக் கம்பெனி, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டையில தொழிற்சாலை, 1998 செப்டம்பர்ல சான்ட்ரோ. இங்க அவங்களை யாருக்கும் தெரியாது. கார்னா மாருதி 800, அவ்வளவுதான். சான்ட்ரோவோ ஒரு மாதிரி உயரமா, தீப்பெட்டியை நிமித்தி வச்ச மாதிரி இருக்கும். அதனால ஷாருக் கானை விளம்பரத்துல போட்டாங்க. அதுலயும் ஒரு புத்திசாலித்தனம். அவர் எடுத்த எடுப்புல காரைப் புகழல, கொரியாக்காரர்கிட்ட கேள்விதான் கேட்டார். ஊர்ல இருக்கிறவங்க மனசுல இருந்த சந்தேகம் எல்லாம் அந்தக் கேள்வியில இருந்துச்சு.

ஆனா விளம்பரம் ஒரு தடவைதான் விக்கும். உயரமான சீட் மூட்டுவலிக்காரங்களுக்குக் குனியாம ஏறி இறங்க வசதியா இருந்துச்சு. கார்புரேட்டருக்குப் பதிலா எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின். ஸ்டியரிங் கனமா இருக்குன்னு வாங்கினவங்க முனகினாங்க, 2000த்துல பவர் ஸ்டியரிங்கோட ஜிப் டிரைவ் வந்துச்சு. 2003ல ஜிங். குறை சொன்னா காது குடுத்துக் கேக்குறான்னு ஒரு நம்பிக்கை ஊருக்குள்ள பரவ இது போதும்.

இதே 1998ல இன்னொரு கொரியாக் கம்பெனியும் இதே அளவு காரோட வந்துச்சு. டேவூ மாட்டிஸ். அழகுன்னு பாத்தா சான்ட்ரோவை விட அதுதான் அழகு (இது என் கட்சி, சண்டைக்கு வராதீங்க). ஆனா கொரியாவுல தாய்க் கம்பெனி கடன்ல மூழ்கிப்போச்சு. இங்க நொய்டா பக்கம் இருந்த தொழிற்சாலையும் மூடிட்டாங்க. வண்டி நல்ல வண்டிதான். வாங்கினவன் மட்டும் அநாதை. அப்புறம் செவர்லே 2017 கடைசியோட இந்திய விற்பனையை நிறுத்துச்சு. 2021 செப்டம்பர்ல ஃபோர்டு இந்தியாவுல கார் செய்யறதை நிறுத்தப்போறதா அறிவிச்சப்போ மறைமலைநகர்ல வேலை பாத்த எத்தனையோ குடும்பத்துக்குப் பேரிடி. ஃபோர்டு வச்சிருந்தவங்க வண்டியை ஒருத்தரும் குறை சொல்லல. ஆனா அந்த அறிவிப்பு வந்த உடனே பழைய கார் விலை என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது. நற்பெயர்ல பாதி வண்டியோட தரம்னா மீதி பாதி கம்பெனி இங்கயே இருக்கும்ங்கிற நம்பிக்கை.

இனி எங்க ஊர். கடியப்பட்டணம் முட்டத்துக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவுல இருக்கு. எங்க தெருவுல இருந்து பாத்தா கடல் தெரியும். உப்புக்காத்து எதையும் விடாது. ஜன்னல் கொண்டி, பைக் செயின், டிஷ் ஆண்டெனா எல்லாத்துக்கும் ரெண்டு மூணு வருஷம்தான் ஆயுசு. எந்தக் கம்பெனி கார்னாலும் இங்க துருவோட மல்லுக்கட்டித்தான் ஆகணும்.

எங்க மாமா பஹ்ரைன்ல பல வருஷம் மீன்பிடி வேலை பாத்துட்டு 2012ல ஊருக்கு வந்தார். கையில இருந்த பணத்துல வீட்டு வேலை போக மிச்சத்துல ஒரு கார். நாகர்கோவில்ல ரெண்டு வண்டி பாத்தார். ஒண்ணு மாட்டிஸ், பாதி விலைக்கும் கீழ. இன்னொண்ணு 2007 மாடல் சான்ட்ரோ ஜிங், ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். திங்கள்சந்தையில தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போனார். மெக்கானிக் பானெட்டைத் திறக்கிறதுக்கு முன்னாலயே தீர்ப்பு சொல்லிட்டாராம்: "அண்ணே, அந்த வண்டி நல்லதுதான். சாமானத்துக்கு எங்க போவியோ?" ஜே.டி.பவர் கணக்கெல்லாம் அவருக்குத் தெரியாது. ஆனா ரெண்டு கம்பெனியோட நற்பெயரையும் எங்க பாடப்புத்தகம் சொல்ற எந்த முறையும் இல்லாம அவர் கணக்குப் போட்டுட்டார்னு இப்போ நினைக்கும்போது தோணுது. மாமா கூட ஒரு லட்சம் சேத்துக் குடுத்தது காருக்கு இல்ல, அந்தப் பேருக்கு.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் மாமா வண்டிக்கு அடியில பைப்பைப் பிடிச்சு நல்ல தண்ணி அடிப்பார். வருஷம் ஒரு தடவை அடிப்பாகத்துக்குக் கோட்டிங். மழைக்கு முன்னால கதவு ஓரமெல்லாம் கிரீஸ். அத்தை கேப்பாங்க, "எனக்க முதுகுக்கு ஒரு நாள் தைலம் போட்டு விட்டதுண்டா?"ன்னு. பதில் வராது.

ஒரு தடவை கிளட்ச் இழுத்துச்சு. நாகர்கோவில்ல ஒரு ஒர்க் ஷாப்புல (பேர் வேண்டாம்) முழு செட்டும் மாத்தணும், ஒம்பதாயிரம்னாங்க. மாமா யோசிச்சுட்டு வண்டியைத் திங்கள்சந்தைக்கு விட்டார். கேபிள் கோளாறு, 350 ரூபாயில முடிஞ்சுது. அகர்லாஃப் சொன்ன 'தெரிஞ்சவன், தெரியாதவன்' பிரச்சினை வாங்குற அன்னைக்கு மட்டும் இல்ல, ஒவ்வொரு சர்வீஸ்லயும் இருக்கு. தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் இல்லாட்டி உலகத்துல எந்த நல்ல கம்பெனி கார் இருந்தும் பிரயோஜனம் இல்ல.

என் அக்காவுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்தப்போ அந்த வண்டியிலதான் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போனோம். கொட்டுற மழை. பக்கத்து வீட்டுல, எதிர் வீட்டுல எல்லாம் அவசரம்னா மாமா வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. சாவியைத் திருப்பினா ஸ்டார்ட் ஆகும்னு தெருவே நம்பிட்டு இருந்துச்சு. சான்ட்ரோவை 2014ல நிறுத்தி, 2018ல புதுசா இறக்கி, 2022ல அதையும் நிறுத்தினாங்க. மாமா வண்டி இது எதையும் கண்டுக்கல. 15 வருஷம் முடிஞ்சு 2022ல ஐயாயிரம் ரூபாய் கட்டி ஆர்.சி.யைப் புதுப்பிச்சாச்சு.

இப்படி எழுதிட்டே போனா ஹூண்டாய்க்கு நான் சம்பளம் வாங்காத விளம்பரதாரன் ஆயிடுவேன். அந்தப் பக்கத்தையும் சொல்லணும். 2014 ஜனவரியில குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவுல விக்கிற அஞ்சு சின்ன கார்களோட அடிப்படை மாடலை மோதிப் பாத்துச்சு. ஹூண்டாய் ஐ10 உட்பட அஞ்சுக்கும் பூஜ்யம் ஸ்டார். ஏர்பேக் இல்லாத மாடல்கள். 2020ல கிராண்ட் ஐ10 நியோஸுக்கு ரெண்டு ஸ்டார். கம்பெனி ஏ.சி., டச் ஸ்கிரீன் எல்லாம் காட்டி வித்துச்சு. நாமளும் 'மைலேஜ் எவ்வளவு'ன்னு கேட்டோமே தவிர 'மோதினா என்ன ஆகும்'னு கேக்கல. கேக்காத கேள்விக்கு எந்தக் கம்பெனியும் தானா பதில் சொல்லாது. 2023ல வெர்னா அஞ்சு ஸ்டார் வாங்கிச்சு, அதே வருஷம் அக்டோபர்ல எல்லா மாடல்லயும் ஆறு ஏர்பேக்னு அறிவிச்சாங்க. ஜனங்க கேக்க ஆரம்பிச்சப்புறம் வந்த பதில் அது.

அமெரிக்காவுலயும் நல்ல பேர் வாங்கினதோட கதை முடியல. 2015ல இன்ஜின் கோளாறுக்காக 4,70,000 சொனாட்டா கார்களைத் திரும்பக் கூப்பிட்டாங்க. அந்த இன்ஜின் விவகாரத்தை வெளிய சொன்னது அந்தக் கம்பெனியிலேயே வேலை பாத்த கிம் குவாங் ஹோங்கிற இன்ஜினியர். 2021ல அமெரிக்க அரசு அவருக்கு 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல வெகுமதி குடுத்துச்சு. பத்து வருஷம் வாரண்டி குடுத்துக் கட்டின பேர்ல ஓட்டை விழ ஒரு இன்ஜின் போதும்.

காமர்ஸ் மாணவன்கிறதால இதைச் சொல்லாம விட முடியல. 2024 அக்டோபர்ல ஹூண்டாய் இந்தியா பங்குச் சந்தைக்கு வந்துச்சு. 27,870 கோடி ரூபாய், அதுவரைக்கும் இந்தியாவுல வந்ததுலயே பெரிய பங்கு வெளியீடு. புதுப் பங்கு ஒண்ணு கூட இல்ல, கொரியத் தாய்க் கம்பெனி தன் பங்குல 17.5 சதவீதத்தை வித்துச்சு, பணம் முழுக்க அங்க போச்சு. பங்கு 1,960 ரூபாய். சில்லறை முதலீட்டாளர்களுக்குன்னு ஒதுக்கினதுல பாதிக்குத்தான் விண்ணப்பம் வந்துச்சு, முதல் நாளே விலை இறங்கிச்சு. புத்தகத்துல எழுத முடியாத அந்த நற்பெயருக்கு அன்னைக்குத்தான் ஒரு விலை கிடைச்சுது. காரை நம்பி வாங்கின ஜனங்க அந்த விலைக்கு பங்கை நம்பல. யார் சரின்னு காலம்தான் சொல்லணும்.

இப்போ மாமா வீட்டுல ஒரு சண்டை ஓடிட்டு இருக்கு. ரியாத்துல நர்ஸா இருக்கிற அவர் மக பணம் அனுப்புறேன், பழசை வித்துட்டு ஆறு ஏர்பேக் உள்ள புது வண்டி வாங்குங்கன்னு பிடிவாதமா நிக்குது. லீவுக்கு வரும்போது பிள்ளைகளை இந்த வண்டியில ஏத்த மாட்டேன்னு சொல்லிடுச்சு. அது சொல்றதுல தப்பே இல்ல. நானும் மோதல் சோதனை வீடியோவை மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். முழுசும் பாத்தார். ரெண்டாவது தடவையும் போடச் சொல்லிப் பாத்தார்.

"செரி மக்கா, வாங்குவோம். அஞ்சு வருசம் கழிச்சு விக்கப் போனா அது என்ன விலைக்குப் போகும்?"

அது எனக்குத் தெரியல. வர்ற சனிக்கிழமை ரெண்டு பேரும் திங்கள்சந்தைக்குப் போறோம், மெக்கானிக்கைக் கேக்க.