அரியலூரில் ஒரு சமுத்திரம்

அரியலூர் என்றதும் வீட்டுப் பெரியவர்களுக்கு, 1956-ஆம் ஆண்டு மருதையாற்றில் ரயில் கவிழ்ந்த விபத்து ஞாபகத்துக்கு வரும். வீடு கட்டியவர்களுக்குச் சிமென்ட் மூட்டை நினைவுக்கு வரும். இனிமேல் அந்தப் பெயரைக் கேட்டதும் கடலையும் நினைத்துக் கொள்ளுங்கள்.

"கடலா? அந்த வறண்ட செம்மண் சீமையிலா?" என்று சிரிக்காதீர்கள். ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் பெரும் பகுதியில் சமுத்திரம் அலை வீசிக் கொண்டிருந்தது. பிறகு அது பின்வாங்கிப் போயிற்று. போகும்போது தன் வீட்டுச் சாமான்களை அப்படியே விட்டுவிட்டுப் போயிற்று. சிப்பிகள், சங்குகள், கடல் முள்ளெலிகள் எல்லாம் கல்லாகி மண்ணுக்குள் கிடக்கின்றன. உங்கள் வீட்டுச் சுவரில் அரியலூர்ச் சிமென்ட் இருந்தால், அதில் பழைய சிப்பிகளின் துகளும் கலந்திருக்கக்கூடும். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல் முழுக்கச் சிப்பிமயம்!

பூஜை அறையில் ஒரு உறவினர்

இந்தச் சாமான்களை ஒரே இடத்தில் பார்க்க, அரியலூருக்கு அருகே வாரணவாசியில் உள்ள தொல்லுயிர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். அங்கே குழந்தைகள் முதலில் ஓடிப்போய் நிற்பது அம்மோனைட்டின் முன்னால்தான். ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்ட ஓடு. உள்ளே சிறு சிறு அறைகள். பிராணி குடியிருந்தது வெளி அறையில் மட்டும். கணவாய் மீனுக்குத் தூரத்து உறவு. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், டைனோசர்களோடு சேர்ந்து இந்த வம்சமும் பூண்டற்றுப் போயிற்று.

உங்கள் வீட்டுப் பூஜையில் சாளக்கிராமம் இருக்கிறதா? நேபாளத்துக் கண்டகி நதியிலிருந்து வரும் அந்தக் கல்லில் சக்கரமாகத் தெரிவதும் அம்மோனைட்டின் சுவடுதான். இமயத்தில் பூஜைக்குரியதாகி விட்ட பிராணியின் சுற்றத்தார் இங்கே உழவு நிலங்களில் கிடக்கிறார்கள்!

இந்தப் பொக்கிஷத்தின் புகழ் உலகத்துக்கு என்றோ எட்டிவிட்டது. மொராவியா தேசத்தில் பிறந்த ஸ்டோலிஸ்கா என்ற விஞ்ஞானி, இந்தப் பகுதியில் கிடைத்த கடல் உயிர்களைப் பற்றிப் பெரிய பெரிய நூல்களாக எழுதி, 1873 வரை வெளியிட்டார். அடுத்த ஆண்டே லடாக்கில் பிரயாணத்தின்போது காலமானார். இன்றும் ஆராய்ச்சியாளர்கள் அவருடைய நூல்களைப் புரட்டுகிறார்கள்.

படுத்திருக்கும் மரம்

சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைத் தரிசிக்கப் போகிறவர்கள், அங்கிருந்து சாத்தனூருக்கும் ஒரு நடை போய் வரலாம். அங்கே ஓடைக் கரையில் ஒரு மரம் படுத்திருக்கிறது. நீளம் 18 மீட்டருக்கு மேல். தொட்டால் கல்! கடலோரத்தில் நின்ற மரம் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்க் கடலடி மணலில் புதைந்தது; மரத்தின் சத்துப் போன இடத்தில் மணிக்கல் சத்து வந்து நிறைந்துவிட்டது. 1940-இல் இதை உலகுக்கு அறிவித்தவர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன். பின்னாளில் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் முதல் இந்திய டைரக்டர் ஆனவர் அவரே. மரம் அன்று கிடந்த இடத்திலேயே இன்றும் கிடக்கிறது. தேசிய நிலவியல் சின்னமாக்கி, வேலி போட்டுக் காத்தார்கள், அதனால் பிழைத்தது.

பிழைக்காத எலும்பு

எல்லாவற்றுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அரியலூர்ச் சீமையில் கல்லமேடு என்று ஓர் ஊர். அங்கே கிடைத்த ராட்சச எலும்புகளை ஆராய்ந்து, யாதகிரி, அய்யாசாமி என்ற இரு விஞ்ஞானிகள் 1987-இல் ஒரு டைனோசருக்குப் பெயர் சூட்டினார்கள். 'பிருகத்காயோசாரஸ்', அதாவது பேருடல் பல்லி. உலகில் நடமாடிய மிகப் பெரிய பிராணிகளுள் இதுவும் ஒன்றா? இன்றுவரை வாதம் ஓயவில்லை. தீர்ப்புச் சொல்ல வேண்டிய எலும்புகளோ இல்லை. அவை பொடிப்பொடியாகி விட்டன. மிஞ்சியவை சில சித்திரங்களும் போட்டோக்களுமே.

இதற்கு நேர் எதிரான வேடிக்கையும் உண்டு. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட்டன. "டைனோசர் முட்டை!" என்று செய்தி பறந்தது. ஜனங்கள் திரண்டார்கள். வந்து பார்த்த நிபுணர்கள், "முட்டையல்ல, அம்மோனைட்டைச் சுற்றிப் படிவம் திரண்ட உருண்டைகள்" என்றார்கள். பலருக்கு ஏமாற்றம். ஆனால் ஒரு நன்மை: காலடியில் என்ன கிடக்கிறது என்று ஊரே கேட்கத் தொடங்கியது!

அதைத்தான் ஓர் அருங்காட்சியகம் செய்ய வேண்டும். கண்ணாடிப் பெட்டியில் உள்ள சிப்பியைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, வரப்பில் அதே சுருள் கல்லைக் கண்டால் அடையாளம் சொல்வான். உடைத்துப் போட மாட்டான், வாத்தியாரிடம் ஓடுவான்.

மே 18 உலக அருங்காட்சியக தினம். கோடை விடுமுறையில் வருகிற நாள். குழந்தைகளை அழைத்துக்கொண்டு விழுப்புரம்–திருச்சி ரயிலில் அரியலூருக்கு ஒரு தடவை போய் வாருங்கள். கங்கைகொண்ட சோழபுரமும் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். வயலில் அழகான கல் ஒன்று கிடந்தால் கைப்பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். எந்த மண்ணில், எந்த அடுக்கில் கிடந்தது என்பதே அதன் ஜாதகம். ஜாதகம் தொலைந்தால், அது உங்கள் அலமாரியில் வெறும் கல்லாகத்தான் உட்கார்ந்திருக்கும். இருந்த இடத்திலேயே விட்டு, குழந்தைக்குக் காட்டி, அங்குள்ளவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.