கயிலை வழியிற் கொல்லாமை

திருக்கயிலையைக் கண்ணாரக் கண்டு வலம்வருதல் வேண்டும் என்னும் வேட்கை சைவ நன்மக்கள் பலர்க்கும் உளதாவதே. புதுச்சேரியைச் சார்ந்த மூலக்குளத்தில், வில்லியனூர்த் திருக்காமீசுவரரை வழிபட்டு வாழும் அன்பர் ஒருவர்க்கும் அவ்வேட்கை நெடுநாளாக இருந்தது. 2020-ஆம் ஆண்டிலே தடைப்பட்ட கயிலை யாத்திரை 2025-இல் மீளத் தொடங்கிற்று. இந்திய அரசினர் லிபுலேக் கணவாய் வழியாகவும் நாதுலா வழியாகவும் அடியார்களைக் குழுக்குழுவாக அனுப்பினர். 70 வயதிற்கு மேற்பட்டார்க்கு இடமில்லை என்பது விதி. அன்பர்க்கோ வயது 63. இனித் தாழ்த்தலாகாது எனத் துணிந்து, வழிக்கு வேண்டும் பொருள்களைத் தேடலானார்.

மார்கழி விடியலிலும் ஒரு மெல்லிய போர்வையே போதியதாகும் கடற்கரை நாட்டில் வாழ்ந்தவர்க்குக் கயிலைக் குளிர் கருத்திற்கும் எட்டாதது. கயிலைச் சிகரம் 6,638 மீட்டர் உயரமுடையது. அதனை வலம்வரும் வழி ஏறத்தாழ 52 கிலோமீட்டர். இடையிலுள்ள தோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேற்பட்டது. வேனிற் காலத்தும் அங்கே இரவு நீர் உறையும் நிலையை அடையக்கூடும். ஆதலின், உடம்பைக் கழுத்தளவும் மூடிக்கொண்டு துயிலுதற்குரிய உறக்கப்பை ஒன்று வாங்கக் கருதினார்.

உறக்கப்பை தானே வெப்பந் தருவதன்று. உடம்பினின்றெழும் வெப்பத்தைத் தன்னுள் அசையாது நிற்குங் காற்றினாற் காப்பதே அதன் தொழில். வாத்தின் மார்பிலுள்ள மென்தூவி சிறிது எடையிலே மிகுந்த காற்றை அடக்கவல்லது. ஓர் அவுன்சுத் தூவி எத்துணைக் கன அங்குலம் பொங்கி நிற்கின்றது என்பதைக்கொண்டு அதன் தரத்தை 550 முதல் 900 வரை எண்ணிட்டு உரைப்பர். பையின்மேற் குறிக்கும் குளிர்நிலை எண்களுள் ‘சுகநிலை’ என்பதே கொள்ளத்தக்கது. ‘கடைநிலை’ என்பது உயிர் தப்புதற்குரிய எல்லையேயன்றித் துயிலுதற்குரிய எல்லையன்று. இவையெல்லாம் கடைக்காரர் விளக்கிக் கூறினர். ஒரே குளிருக்கு ஏற்ற இரண்டு பைகளையும் முன்வைத்தனர். தூவிப்பையின் எடை ஒரு கிலோ. பாலியெஸ்டர் இழை அடைத்ததன் எடை 1 கிலோ 800 கிராம். மூச்சு முட்டும் உயரத்தில் 800 கிராம் சிறு சுமையன்று. அன்பர் தூவிப்பையைக் கையிலெடுத்தார்.

எடுத்தவர்க்கு ஓர் ஐயம் எழுந்தது: “இத்தூவி எவ்வாறு பெறப்பட்டது?” பெரும்பாலும் இறைச்சிக்காகக் கொல்லப்பட்ட வாத்துக்களினின்று எடுப்பது என்றும், சிற்சில பண்ணைகளில் உயிரோடிருக்கும்போதே பறிப்பதும் உண்டு என்றும் அறிந்தார். 2014-இல் ஏற்பட்ட நெறிமுறை ஒன்று உயிரோடு பறித்தலை விலக்குகின்றது. ஆயினும் கொலையை விலக்கவில்லை. ஐஸ்லாந்து நாட்டார் ஈடர் என்னும் கடல்வாத்தின் கூட்டினின்று அதற்கு ஊறு நேராமல் தூவி சேர்ப்பர். அதன் விலையோ எளியோர்க்கு எட்டாதது.

உடன் வந்த நண்பர், “வாத்தைக் கொன்றது ஊனுக்காக, தூவி எஞ்சிய பொருள். அதனைக் கொள்வார்க்குப் பாவம் யாது? மேலும், தனு கரண புவன போகங்கள் இறைவன் உயிர்கட்கு அளித்தவை. அவற்றுட் தனுவாகிய உடம்பைக் காத்தல் கடன் அன்றோ?” என்றார்.

“எஞ்சிய பொருளுக்கும் விலையுண்டாயின், அவ்விலை கொல்வானுக்கு ஊதியமே ஐயா. திருவள்ளுவர் புலான்மறுத்தலில் வாங்குவாரையும் உடன்வைத்தே பேசினார்” என்றார் அன்பர்.

“அங்ஙனமாயின், தாங்கள் திருவிழாவிற்கு உடுக்கும் பட்டு எவ்வாறு வந்தது?” என்று நண்பர் வினவினார். கூட்டோடு புழுக்களை வெந்நீரிலிட்டே பட்டிழை எடுக்கின்றனர் என்பது யாவரும் அறிந்ததே. அன்பர் விடைகூற இயலாது வாளா இருந்தார்; ஒன்றும் வாங்காமலே வீடு திரும்பினார்.

அன்றிரவு அவர் உள்ளம் அப்பர் சுவாமிகள் வரலாற்றிற் சென்றது. கயிலைக்கு நடந்த அப்பெருமானார்க்குப் பாதங்கள் தேய்ந்தன. கைகளும் மார்பும் தேய்ந்தன. பின்னும் உருண்டு சென்றனர். இறைவனோ அவரைத் தடாகமொன்றில் மூழ்குவித்துத் திருவையாற்றிலே எழச்செய்து, ஆண்டே கயிலைக் காட்சி தந்தருளினான். ஆகவே கயிலைக்குச் செல்லாதார்க்கு அருளில்லை என்பது இல்லை. செல்லுதல் நமது விருப்பமே, இன்றியமையாமை அன்று. ‘வேறு வழியில்லை’ என்னும் சமாதானம் பிணிக்கு மருந்துண்பார்க்கு ஒருகாற் பொருந்தலாம். விருப்பத்தால் யாத்திரை செய்வார்க்குப் பொருந்தாது. தன் விருப்பத்தின் சுமையைப் பிறிதோர் உயிரின்மேல் ஏற்றுதல் வழிபாடாகாது. இங்ஙனம் தெளிந்த பின்னரே அவர்க்குத் துயில் வந்தது.

மறுநாள் இழைப்பையையே வாங்கினார். லிபுலேக் வழியின் தென்சரிவில் மழை மிகுதி. தூவி நனைந்தாற் சுருங்கிப் பயன் குன்றும், இழையோ நனைந்தும் ஓரளவு காக்கும். இஃது அவர்க்கு உதவியாயிற்று. எனினும் அவர் துணிந்தது அதுபற்றியன்று.

எஞ்சியது 800 கிராமின் கணக்கு. குதிரைமேல் ஏற்றலாம் எனின், அதுவும் ஓர் உயிரே. அன்பர் தம் மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாகத் தராசிலிட்டார். மானசரோவர்த் தீர்த்தம் கொணர எடுத்த பித்தளைச் செம்பு 350 கிராம். சிறு கலன் ஒன்று முன்னரே மூட்டையில் இருந்தது. கயிலைமுன் நின்று வழிபடும்போது உடுத்தவென மடித்து வைத்த பட்டு வேட்டியும் அங்கவத்திரமும் 450 கிராம். இரண்டையும் எடுத்து அப்புறம் வைத்தார். பருத்தி வேட்டி ஒன்று மூட்டையில் இருந்தது.

தராசு பழைய எடையிலே வந்து நின்றது. நண்பர் வினாவிற்கு அன்பர் அளித்த விடையும் அதுவே.