எனக்கு வசதியாக இருந்த ராணுவ ஆட்சி

பாகிஸ்தானில் முஷாரஃப் ஆட்சியைப் பிடித்தபோது நான் உள்ளூர நிம்மதிப்பட்டேன். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த நிம்மதியை அரசியல் தெளிவு என்று நம்பி, பல வருடம் அப்படியே எழுதினேன். தமிழ் நாளிதழ் ஒன்றில் வெளிநாட்டுச் செய்திகளைப் பார்த்துக்கொள்வதும், நடுப்பக்கத்தில் அவ்வப்போது கட்டுரை எழுதுவதும் என் வேலை. அந்த நாட்டைப் பற்றி வேறெங்கும் படிக்க வாய்ப்பில்லாதவர்கள் என்னை நம்பிப் படித்தார்கள். அவர்களிடம் நான் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை.

1999 அக்டோபர் 12. இலங்கை ராணுவத்தின் பொன்விழாவுக்காகக் கொழும்பு போயிருந்த தளபதி பர்வேஸ் முஷாரஃப், பயணிகள் விமானம் ஒன்றில் கராச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அவர் ஆகாயத்தில் இருக்கும்போதே பிரதமர் நவாஸ் ஷெரீஃப் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். விமானம் தரையிறங்கவும் அனுமதி மறுக்கப்பட்டது. சுமார் 200 பேரைச் சுமந்துகொண்டு, எரிபொருள் தீரத் தீர, அது மேலேயே சுற்றியது. கீழே ராணுவம் கராச்சி விமான நிலையத்தைக் கைப்பற்றியது. இஸ்லாமாபாத்தில் அரசுத் தொலைக்காட்சி நிலையத்தின் பூட்டிய இரும்புக் கேட்டில் சிப்பாய்கள் ஏறிக் குதித்தார்கள். அந்தப் படம் எங்கள் மேசைக்கும் வந்தது. துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு ஒருவன் கேட்டின் உச்சியில் கால் வைத்திருக்கிறான். பரபரப்பான படம் என்று பெரிதாகப் போடச் சொன்னேன். கேட்டுக்கு உள்ளே செய்தி வாசித்துக்கொண்டிருந்தவர்களும் என்னைப் போன்றவர்கள்தானே என்ற நினைப்பே வரவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கட்டுரை எழுதினேன். ஊழல் அரசியல்வாதிகளால் மக்கள் சலித்துப்போனார்கள், லாகூரில் இனிப்பு வழங்கிக் கொண்டாடுகிறார்கள், முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் உண்டோ அவரோடு இனி டெல்லி நேராகவே பேசலாம் என்று வாதம். ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியில் வாஜ்பாய் பஸ்ஸில் வாகா எல்லையைக் கடந்து போய் லாகூர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பிரதமரோடுதான். அதைக் குலைத்தது கார்கில் போர். கார்கிலுக்குப் படை அனுப்பியவர் இதே முஷாரஃப். திருச்சி மேஜர் சரவணன் அங்கே உயிர்விட்டு ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இதெல்லாம் தெரிந்தும் எழுதினேன். ஏன்? பாகிஸ்தான் என்றால் ஒரு தொப்பி, ஒரு சீருடை, ஒரு குரல் என்று இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. கட்சிகள், மாகாணங்கள், நீதிமன்றங்கள், தொழிற்சங்கங்கள் என்று அந்த நாட்டை அதன் சிக்கலோடு புரிந்துகொள்ள நான் மெனக்கெடவில்லை.

இன்றும் என்னை உறுத்துவது 2000 ஜனவரி 26. நம் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து ஐம்பது ஆண்டு நிறைந்த நாள். அதற்கான சிறப்புப் பக்கத்துக்கு நானும் எழுதியிருந்தேன். அதே நாளில் எல்லைக்கு அந்தப் பக்கம், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ராணுவத் தளபதி போட்ட ஆணையின் கீழ் புதிதாகப் பதவிப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று உத்தரவு. பதின்மூன்று பேரில் ஆறு பேர் மறுத்தார்கள். அவர்களில் ஒருவரான தலைமை நீதிபதி சையீதுஸ்ஸமான் சித்திக்கி வீட்டுக்குப் போனார். பிரமாணம் எடுத்தவர்களின் நீதிமன்றம் அந்த மே மாதமே ஆட்சிக் கவிழ்ப்பு செல்லும் என்றது. முஷாரஃபுக்கு மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்தது. அரசியல் சட்டத்தைத் திருத்தும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்தது. ஜனவரியில் அந்த ஆறு பேர் மறுத்த ஏஜென்சி செய்தி என் கையில் இருந்தது. உள்பக்கத்தில் ஓர் ஓரத்தில் சிறு செய்தியாகப் போட்டுவிட்டு, என் பெயர் போட்ட சிறப்புப் பக்கத்தை மறுபடி எடுத்துப் படித்தேன்.

ஆண்டுதோறும் ஜூன் 25 நெருங்கினால் நெருக்கடி நிலையைப் பற்றி எழுதுகிறவன் நான். பத்திரிகைத் தணிக்கை, மிசா கைதுகள், 1976 ஜனவரி 31-ல் கலைக்கப்பட்ட தமிழக அரசு, சென்னை சிறையில் வாங்கிய அடியால் பின்னர் உயிரிழந்த திமுக எம்.பி. சிட்டிபாபு என்று எதையும் விட்டதில்லை. அந்த 21 மாதங்களை இந்த நாடு மறக்கக்கூடாது என்று இன்றும் மனதார நம்புகிறேன். ஆனால் பாகிஸ்தானில் ஜியா உல் ஹக்கின் ராணுவ ஆட்சியில், 1978-ல், பத்திரிகையாளர்களுக்குச் சவுக்கடி கொடுத்ததை ஒரு வரிகூட எழுதியதில்லை. என் தொழிலைச் செய்தவர்கள் அவர்கள். எனக்குத் தெரியாத செய்தியும் அல்ல. எதிரி நாட்டில் நடந்தது என்பதால் என் நெஞ்சு அதற்குத் திறக்கவில்லை.

காட்மாண்டுவில் தெற்காசியப் பத்திரிகையாளர்கள் கூடிய ஒரு பட்டறையில், கராச்சியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் என்னிடம் நேராகவே கேட்டார்: “தளபதியோடு பேசினால்தான் காரியம் நடக்கும் என்கிறீர்கள். உங்கள் நாட்டில் ஒரு தளபதி பாராளுமன்றத்தைக் கலைத்தால் இதே மாதிரி எழுதுவீர்களா?” நான் சொன்ன பதில்: “கார்கிலில் எங்கள் பையன்கள் செத்தார்கள்.” அவர் அதற்குமேல் பேசவில்லை. அவரை மடக்கிவிட்டதாக அப்போது நினைத்தேன். கேள்வி கேட்கும் தன் சொந்தக் குடிமக்களைப் பாகிஸ்தான் ராணுவம் அடக்குவதும் இப்படித்தான். இந்தியா என்று சொன்னால் அங்கே பேச்சு நின்றுவிடும். அதே வேலையை இந்தப் பக்கத்திலிருந்து நான் செய்தேன். அதுவும், கார்கிலுக்குக் காரணமான தளபதியை எதிர்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம்.

என் பழைய வாதத்தில் கொஞ்சம் உண்மை இல்லாமல் இல்லை. 2003 நவம்பரில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் துப்பாக்கிகள் ஓய்ந்தது முஷாரஃப் காலத்தில்தான். காஷ்மீர் பற்றி ரகசியப் பேச்சும் வெகுதூரம் போனது. 2007-ல் அவர் தலைமை நீதிபதி இஃப்திகார் சௌத்ரியை இடைநீக்கம் செய்ய, வழக்கறிஞர்கள் கறுப்புக் கோட்டோடு தெருவுக்கு வந்தார்கள். முஷாரஃபின் நாற்காலி ஆடியதும் அந்தப் பேச்சும் நின்றுபோனது. அவர்களுடைய பாராளுமன்றத்துக்கே தெரியாமல் நடந்ததை, அவருக்குப் பின்னால் வந்தவர்கள் தங்களுடையதாக எடுத்துக்கொள்ளவில்லை. கறுப்புக் கோட்டுக்காரர்கள் அடிபட்ட மாதங்களில்கூட, பேச்சுவார்த்தை என்னாகுமோ என்றுதான் நான் கவலைப்பட்டு எழுதினேன்.

வங்கதேசப் போர் முடிந்த 1971 டிசம்பர் 16-ஐ வெற்றி நாளாக எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். 93,000 போர்க்கைதிகள் என்ற எண்ணைப் பெருமையோடு போடுவேன். ஆனால் அந்தப் போர் தொடங்கியது ஒரு தேர்தலில். 1970-ல் கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ அவாமி லீக் வென்றது. அதன் தலைவர் முஜிபுர் ரஹ்மானிடம் ஆட்சியைக் கொடுக்க ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கான் மறுத்தார். ஓட்டுப் போட்டவர்களின் முடிவை ராணுவம் ஏற்றிருந்தால் அந்த ரத்தம் ஓடியிருக்காது. இதை என் கட்டுரைகளில் முன்கதையாக ஒரு வாக்கியத்தில் முடித்துக்கொள்வது வழக்கம்.

இதுவரை பாகிஸ்தானில் எந்தப் பிரதமரும் ஐந்தாண்டு முழுதாகப் பதவியில் இருந்ததில்லை. 2023 மே மாதம் முன்னாள் பிரதமர் இம்ரான் கானின் ஆதரவாளர்கள் லாகூரில் படைப்பிரிவுத் தளபதியின் வீட்டுக்குள்ளேயே புகுந்து சூறையாடினார்கள். மக்களின் கோபம் ராணுவத்தின் வாசல்வரை போயிருந்தது. 2025 மே மாதம் இந்தியாவோடு நடந்த நான்கு நாள் சண்டைக்குப் பிறகு அந்தக் கோபம் பெரும்பாலும் அடங்கிப்போனது. தளபதி ஆசிம் முனீர் ஃபீல்டு மார்ஷல் ஆனார். அயூப் கானுக்குப் பின் அந்தப் பட்டம் பெற்ற ஒரே ஆள். அந்தச் சண்டைக்குக் காரணமான பஹல்காம் தாக்குதலில் செத்தவர்களுக்காக நான் கொதித்ததில் தவறில்லை. ஆனால் அந்த நான்கு நாட்களில் நான் எழுதியவற்றில் ராணுவம் வேறு, மக்கள் வேறு என்ற பேதமே இல்லை. இருவரும் ஒன்றுதான் என்று அந்த ராணுவம் தன் மக்களுக்குச் சொல்வதையே நானும் எழுதிக்கொடுத்திருக்கிறேன்.

ஆறு மாதம் கழித்து, நவம்பரில், பாகிஸ்தான் அரசியல் சட்டத்தின் 27-வது திருத்தம் வந்தது. முனீர் முப்படைகளுக்கும் தலைவரானார். ஆயுள் முழுக்க அவர்மீது குற்றவியல் வழக்குப் போட முடியாது. திருத்தத்தை எதிர்த்து உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மன்சூர் அலி ஷாவும் அதர் மினல்லாவும் பதவியைத் துறந்தார்கள். 2000-ல் செய்ததை இந்த முறை செய்யக்கூடாது என்று உறுதியோடுதான் எழுத உட்கார்ந்தேன். அச்சில் வந்ததை எடுத்துப் படித்தேன். இதனால் இந்தியாவுக்கு என்ன ஆபத்து என்பதில் தொடங்கி, முக்கால்வாசிக் கட்டுரை அதிலேயே ஓடியிருந்தது. அந்த இரண்டு நீதிபதிகளும் கடைசிப் பத்தியில், அரை வாக்கியத்தில் இருந்தார்கள்.