பச்சை விளக்கு எரிந்தது

கனடாவிலிருந்து குடும்பத்தோடு வந்து எங்கள் களுபோவில வீட்டில் தங்கியிருந்த தம்பிக்கு நான் ஒரு பொய் சொன்னேன். "மெஷின் பழுதாய்ப் போச்சுடா." மெஷின் பழுதாகவில்லை. சொல்லும்போதே அது எனக்குத் தெரியும். இன்றுவரை அவனிடம் அதைத் திருத்திச் சொல்லவில்லை.

நான் சொல்லும் மெஷின் சோனியின் பிளேஸ்டேஷன் 2. 2000 மார்ச்சில் ஜப்பானில் வெளியாகி, உலகமெங்கும் ஏறக்குறைய 16 கோடி விற்றது. டிவிடியும் ஓடும் என்பதால் விளையாட்டுப் பெட்டி என்று வாங்காதவர்களும் படம் பார்க்க வாங்கினார்கள். தம்பி தன் முதல் வேலையின் சம்பளத்தைச் சேர்த்து அதை வாங்கியபோது, நாங்கள் இருவரும் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில் வாடகைக்கு இருந்தோம். யுத்தம் மறுபடி மூண்டிருந்த காலம். இருட்டினால் வெளியே போவதில்லை. அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றி நகரத்துக்கு வெளியே அனுப்பப்பட்டார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. அந்த இரவுகளில் எங்கள் அறையில் 21 அங்குல டியூப் டிவியில் 'கிரிக்கெட் 07' ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஒருவன் பந்து போட மற்றவன் அடிப்பான். பயத்தைப் பற்றி நாங்கள் பேசியதேயில்லை. அந்த விளையாட்டு எங்களுக்கு என்னவாக இருந்தது என்பதை அவன் தன் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தான். எனக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் நான் செய்தது சின்ன விஷயமில்லை.

அவன் வந்த இரவே கேட்டான்: "அண்ணா, எங்கட கேம் பெட்டி இன்னும் இருக்கோ? பிள்ளையளோட ஒருக்கா விளையாடோணும்." அலுமாரியில் துணி சுற்றி வைத்திருந்தேன். நாளைக்குப் பூட்டித் தருகிறேன் என்றேன். எங்கள் சொந்தத்தில் வயர் விஷயம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போதாததற்கு ஹோலில் அப்போதுதான் ஹோம் தியேட்டர் பூட்டியிருந்தேன். 55 அங்குல 4கே டிவி, ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். அன்றிரவு அதில் ஒரு படத்தைப் போட்டு, அவன் வியந்து பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவர்கள் கொட்டாஞ்சேனைக்கு மச்சாளின் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில் பெட்டியை எடுத்தேன். அதன் வயரில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முனை. ரிசீவரில் என் கண்ணில் பட்டவை எச்டிஎம்ஐ துளைகள்தான். டிவியின் பின்புறம் 'ஏவி இன்' என்று ஹெட்போன் துளை போல ஒன்றே ஒன்று. அதற்கென்று டிவியோடு வந்த வயரை எங்கேயோ தொலைத்திருந்தேன். கடையில் பார்வைக்கு அதே போல ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். திரை கறுப்பு. ஸ்பீக்கர்கள் எல்லாவற்றிலும் ஒரே இரைச்சல்.

ஆனால் மெஷினின் சிவப்பு விளக்கு பச்சையாக மாறியிருந்தது. உள்ளே தட்டு சுழலும் சத்தம் கேட்டது. உயிரில்லாத மெஷின் அப்படிச் செய்யாது. அது தெரியாத ஆளில்லை நான். பின்னேரம் வரை பிடுங்கிப் பிடுங்கிச் செருகிவிட்டு, அவர்களுடைய வான் வாசலில் நிற்கும் சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி துணியில் சுற்றினேன். பிறகுதான் அந்தப் பொய்.

தம்பி கனடாவில் கம்ப்யூட்டர் வேலை செய்கிறான். "எனக்குப் பிடிபடேல்லை, ஒருக்கா வந்து பார்" என்று கூப்பிட்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்திருப்பான். கண்டுபிடித்துவிடுவான் என்பதால்தான் கூப்பிடவில்லை. சம்பளத்தில், வீட்டில், பிள்ளைகளின் படிப்பில் அவன் என்னைத் தாண்டிப் போய்விட்டான். அதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் இந்த வயர் ஒன்றிலாவது நான் அண்ணனாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இவ்வளவு காசு போட்டுப் பூட்டிய தியேட்டரில் ஒரு பழைய பெட்டியின் படத்தைக் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை என்று அவன் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பெரியப்பா, திருத்த ஏலாதா?" என்று சின்னவள் கேட்டாள். "பார்ட்ஸ் வாறேல்லை அம்மா, 2013ஓட இதைச் செய்யிறதையே விட்டிட்டாங்கள்" என்றேன். உற்பத்தி நின்ற ஆண்டு சரிதான். ஒரு பொய்யை நம்பவைக்க ஓர் உண்மையையும் இழுத்துக்கொண்டேன். தம்பி பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை அண்ணா, எறிஞ்சுவிடுங்கோ" என்றான்.

எறிய முடியவில்லை. அவர்கள் திரும்பிப் போனபிறகு பெட்டியையும் கடையில் வாங்கிய வயரையும் தெகிவளையில் டிவி திருத்தும் கடையொன்றுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த இளைஞர் வயரைப் பார்த்ததும் சிரித்தார். ஹெட்போன் முனை போன்ற அந்த முனையில் நாலு உலோகப் பகுதிகள் உண்டு. எந்தப் பகுதியில் படம், எந்தப் பகுதியில் சத்தம் என்பதில் எல்லாக் கம்பனிகளுக்கும் ஒரே ஒழுங்கு கிடையாது. பழைய வீடியோ கமராவுக்குச் செய்த வயரும் டிவிக்குச் செய்த வயரும் வெளியே ஒரே மாதிரி இருக்கும், உள்ளே மாறியிருக்கும். எனக்குக் கேட்ட இரைச்சல், சத்தத்தின் பாதையில் ஓடிய படம். மெஷினின் மஞ்சள் முனையை அந்த வயரின் சிவப்புத் துளைக்கு மாற்றிச் செருகினார். படம் வந்துவிட்டது.

சத்தத்துக்கு இன்னும் நல்ல வழி இருந்தது. பெட்டியின் பின்னால் ஒப்டிக்கல் துளை உண்டு. அங்கிருந்து ஒரு வயரை நேரே ரிசீவருக்குக் கொடுத்தால் போதும், டிவி நடுவில் தேவையில்லை. பெரும்பாலான விளையாட்டுகள் இரண்டு ஸ்பீக்கருக்கான சத்தத்தையே தருகின்றன. டிவிடி படம் போட்டால் ஐந்தும் பேசும். என் ரிசீவரிலும் அந்தத் துளை இருந்தது. நான் பார்க்கவேயில்லை.

வீட்டுக்கு வந்து அதே மாதிரிப் பூட்டியபோது படம் வந்தாலும் முதலில் மட்டை பந்துக்கு எட்டவில்லை. டியூப் டிவி, வந்த கோட்டை வந்தபடியே கீறும். புதிய டிவியோ ஒற்றை வரிசையையும் இரட்டை வரிசையையும் சேர்த்து, பெரிதாக்கி, துப்புரவாக்கித்தான் காட்டும். 4கே திரையில் 80 இலட்சத்துக்கு மேல் புள்ளிகள். பழைய பெட்டி தருவது அதில் 20இல் ஒரு பங்கை எட்டுவதே அரிது. மீதியை டிவி தானே கணக்குப் போட்டு நிரப்பும் நேரத்துக்குள் பந்து ஸ்டம்பைத் தாண்டிவிடும். டிவியின் படத் தெரிவுகளில் 'கேம் மோட்' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் இந்தத் துப்புரவு வேலையில் பெரும்பகுதியை விட்டுவிடும், தாமதமும் குறையும். துப்பாக்கியால் திரையில் சுடும் பழைய விளையாட்டுகளுக்கு மட்டும் இதுவும் உதவாது. டியூப் டிவி கீறும் ஒளியை வைத்தே அந்தத் துப்பாக்கி குறி அறியும்.

முன்பக்கத்தில் 8 எம்பி மெமரி கார்ட் செருகியபடியே இருந்தது. திறந்து பார்த்தேன். நாங்கள் பாதியில் விட்ட தொடர் அப்படியே இருக்கிறது. அதை நான் தொடவில்லை.

இதெல்லாம் நடந்தும் நான் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வட்ஸ்அப்பில் பேசுகிறோம். அம்மாவின் மருந்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், இங்கத்தைய விலைவாசி எல்லாம் பேசுவோம். ஒருமுறை சின்னவள் என் முதுகுக்குப் பின்னால் டிவியைக் கண்டுவிட்டு, அந்தப் பெட்டியை எறிந்துவிட்டீர்களா என்று கேட்டாள். லைன் சரியில்லை என்றேன். அதுவும் பொய்.

தம்பி, மெஷின் நல்லாத்தான் இருக்கு. அன்றைக்கும் நல்லாத்தான் இருந்தது. பூட்டத் தெரியாமல் போனதற்கு நீ என்னை ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாய். தெரியாததை மறைத்து, உன் பிள்ளைகள் ஆசையோடு காத்திருந்த ஒன்றை அவர்களுக்கு இல்லாமல் செய்தேன். அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். சின்னவளிடமும் நீயே சொல், பெரியப்பா சொன்னது பொய் என்று. அடுத்த முறை வரும்போது பெட்டி ஹோலில் பூட்டியபடி இருக்கும். இரண்டாவது கன்ட்ரோலர் உடைந்திருந்தது, அதற்குப் புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன்.